உதட்டில் தெரியாத எழுத்துகள்

எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் டியூப்லைட் பகலிலும் 'ஙொய்' என்று இரைந்துகொண்டே எரியும். அந்த இரைச்சல் அப்பாவுக்கு மட்டும் கேட்காது; ஆனால் அவருக்காகத்தான் அது எரிந்தது, ஏனென்றால் முகத்தில் வெளிச்சம் விழுந்தால்தான் நாங்கள் பேசுவது அவருக்குப் புரியும். நாற்பதைத் தாண்டினால் காது மந்தமாவது அப்பாவின் குடும்ப வாகு. பெரியப்பாக்கள் இருவருக்கும் அப்படித்தான்.

அப்பாவுக்கு மைன்ஸில் 'பெல்ட்'டில் வேலை. நிலக்கரியைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடும் அந்த ரப்பர் பட்டையின் பக்கத்தில் நின்று கத்தினாலும் எதிரே இருப்பவருக்குக் கேட்காது என்பதால், அங்கே எல்லோரும் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அப்பாவின் ஷிப்ட் தோழர் சேவியர் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தாலும் பழக்க தோஷத்தில் அப்படியே பேசுவார். இருவரும் ஒரு மணி நேரம் பேசி முடித்தாலும் வீட்டில் சத்தமே இருக்காது. அம்மா அதை 'ஊமைக் கச்சேரி' என்பாள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நான் ஒன்பதாவது படித்தபோது, அப்பாவுக்குக் காது பரிசோதனைக்குச் சீட்டு வந்தது. தேறாவிட்டால் பெல்ட்டிலிருந்து எடுத்து ஸ்டோர் ஆபீஸில் போட்டுவிடுவார்கள். வெயில் இல்லை, புழுதி இல்லை, உட்கார்ந்து பார்க்கும் வேலைதானே என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"பெல்ட்டுல யாருக்குமே காது கேக்காது பாப்பா. ஆபீஸ்ல எனக்கு மட்டுந்தான் கேக்காது."

டாக்டர் பத்தடி தள்ளி நின்று மெதுவாக வார்த்தை சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும், முன்பு தனக்கு அப்படித்தான் நடந்தது என்றார் சேவியர் மாமா. கேட்காவிட்டால் என்ன, வாயைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அந்த வருடம் தமிழ் இலக்கணத்தில் எழுத்துகளின் பிறப்பு பாடமாக இருந்தது. மற்றவர்கள் பரீட்சைக்கு உருப்போட்ட அந்தப் பாடத்தை நான் கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை நீட்டியும் மடக்கியும் படித்தேன். இரண்டு உதடும் ஒட்டினால் ப, ம. மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் வ. நுனிநாக்கு பல்லடியில் எட்டிப் பார்த்தால் த, ந. ட-வுக்கு நாக்கு மேலே மடங்கும், வாய் திறந்திருந்தால் ஓரளவு பிடிக்கலாம். ப-வும் ம-வும் உதட்டில் ஒரே மாதிரிதான், ம-வுக்கு மூக்கு வழியாகப் போகும் காற்று கண்ணுக்கா தெரியும்? படுமோசம் க-தான். அது அடிநாக்கிலேயே வேலையை முடித்துக்கொள்ளும். வெளியே ஒரு தடயமும் இருக்காது. மற்ற எழுத்துகளைப் பிடித்துவிட்டு க-வை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்து, ஒரு மாதம் அப்பாவை எதிரே உட்காரவைத்துப் பழக்கினேன். கடைசி வாரத்தில் பத்துக்கு ஒன்பது சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். அங்கே யாரும் வார்த்தையே சொல்லவில்லை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அப்பாவை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அதை அழுத்த வேண்டும். பரிசோதனை செய்யும் பெண் ஒயரைச் சரிசெய்தபடி குனிந்துகொண்டே சொன்னதற்கு அப்பா தலையாட்டினார். புரியாததற்கெல்லாம் தலையாட்டுவது அவர் வழக்கம். பிறகு, கண்ணாடிக்கு வெளியே மெஷினைத் திருகிக்கொண்டிருந்த அவளுடைய வாயையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்தவில்லை. இரண்டாம் முறை வைத்துப் பார்த்தும் அதே கதைதான்.

அப்பாவை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எல்லோரும் ரிஜிஸ்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டே பேசுவார்களாம். அப்பா முதலில் "என்னங்க?" என்று திருப்பிக் கேட்டுப் பார்த்தார், பிறகு கேட்பதையே நிறுத்திக்கொண்டார்.

இப்போது எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கை இடித்துவிட்டார்கள். பெல்ட் தோழர்கள் ரிட்டையராகி ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். சேவியர் மாமாவும் இல்லை. குரலில்லாமல் பேசத் தெரிந்தவர் என்று எனக்குத் தெரிந்து மிச்சமிருப்பவர், வடலூரில் எங்களோடு இருக்கும் அப்பா ஒருவர்தான். இத்தனை வருடம் உறுத்திக்கொண்டிருந்ததைப் போன மாதம்தான் அவரிடம் கேட்டேன், அன்றைக்கு ஒரு சத்தம்கூடவா கேட்கவில்லை என்று.

"கேட்டுதே, ரெண்டு மூணு தபா," என்றார் சாதாரணமாக. "அந்தப் பொண்ணு இப்ப வாயத் தொறக்கும், அப்பறம் தொறக்கும்னு பாத்துக்கினே இருந்தேன். நீ ஒரு மாசமா கஷ்டப்பட்டு சொல்லிக்குடுத்தியே."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.