‘டா’ வராத துப்பாக்கிக்காரி

பதினொரு வருடங்களாகப் பொன்னி டப்பிங் பேசி வருகிறாள். இதுவரை மூன்று பாட்டிகளாகவும், ஒரு கடற்கன்னியின் தாயாராகவும், நூற்று நான்கு பாகங்கள் ஓடிய பொம்மைப் படத் தொடரில் ஓர் ஆமையாகவும் இருந்திருக்கிறாள். கூட்டத்தில் “ஐயோ, தீ” என்று அலறியவர்களில் பாதிப்பேர் அவள்தான். கதாநாயகியாக மட்டும் இருந்ததில்லை. நாற்பத்தேழாம் வயதில் அந்த வாய்ப்பு வந்தபோது, குதிரை மேல் ஏறி வந்தது.

தில்லியில் அவள் குடியிருந்த கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து முனிர்காவுக்குப் பெரிய தூரமில்லை. அங்கே ஒரு போட்டோகாப்பி கடைக்குக் கீழே, தரைக்கு அடியில் இருந்தது அந்த ஒலிப்பதிவு அறை. வெளிநாட்டுப் படங்கள் அங்கே தமிழ் பேசக் கற்றுக்கொண்டன. இந்த முறை வந்தது ஒரு பழிவாங்கும் படம். புழுதி, மாடுகள், தொப்பிகள். தங்கையைக் கொன்ற மாட்டு வியாபாரியை ஒரு பெண் மூன்று வருடம் குதிரையில் தேடி அலைகிறாள். கடைசியில் அவன் சவரக்கடை நாற்காலியில், முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருக்கிறான். அவள் துப்பாக்கியை எடுத்து, “எழுந்திருடா” என்கிறாள். படம் அப்படியொன்றும் உயர்ந்ததில்லை. குதிரை நன்றாக நடித்திருந்தது.

பொன்னி ஒலிவாங்கி முன் நின்று திரையைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“எந்திரிங்க” என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் டப்பிங் இயக்குநர் கௌதமன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

“அக்கா, அவன் உங்க வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை இல்ல. உங்க தங்கச்சியக் கொன்னவன்.”

“தெரியுதுங்க தம்பி.”

“தெரிஞ்சா ‘டா’ போடுங்க.”

“போடறனுங்க.”

பொன்னி பொள்ளாச்சிக்காரி. அந்தப் பக்கத்தில் ‘ங்க’ என்பது மரியாதைகூட இல்லை, மூச்சு மாதிரி. காய்கறிக்காரனுக்கும் உண்டு, கதவைத் தட்டிய பூனைக்கும் உண்டு. பதினேழு டேக் போனது. ஒன்பதாவதில் ‘டா’ வந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட குழந்தையை எழுப்புகிற ‘டா’. பதினான்காவதில் “எழுந்திருடாங்க” என்று ஒன்று வந்தது. ஒலிப்பதிவாளன் அர்விந்த் மீரட்டுக்காரன், தமிழ் தெரியாதவன். அவனே அதற்குச் சிரித்தான்.

அடுத்து அனன்யாவை நிறுத்திப் பார்த்தார்கள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழைத் திரைப்படங்களில் கற்றவள். ‘டா’ அவள் வாயிலிருந்து கன்னத்தில் விடும் அறை மாதிரி விழுந்தது. ஆனால் தமிழ் எழுத்து தெரியாததால் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, “உன்னைப் பலி வாங்க வந்திருக்கேன்டா” என்றாள்.

“பழி, பழி” என்றான் கௌதமன்.

“வஹி தோ போலா. பலி.” அதைத்தானே சொன்னேன் என்றாள்.

மாட்டு வியாபாரியை அவள் கோயிலுக்கு நேர்ந்துவிட்டது போல இருந்தது. இருந்தும் கௌதமன் யோசித்தான்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. ‘ழ’வை வேற எங்கேயாவது பேச வச்சு வெட்டி ஒட்டிக்கலாம். கோபத்தை ஒட்ட முடியாது. வெள்ளிக்கிழமை காலைல ஒரு தடவை வாங்க. அப்பவும் ‘டா’ வரலேன்னா அந்தப் பொண்ணுதான். உங்களுக்கு ஆமை ரெண்டாவது சீசன் வருது.”

ஆமை என்ற சொல் பொன்னியைத் தைத்தது. நூற்று நான்கு பாகங்களில் அந்த ஆமை ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை.

அன்று மாலை கணவர் ராஜசேகரனிடம் சொன்னாள். ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். கோபிசெட்டிபாளையத்துக்காரர், ஆகவே பிரச்சினை புரிந்தது.

“என்னையத் திட்டிப் பழகு, அம்மிணி. நான் சேர்ல உக்காந்துக்கறேன்.”

உட்கார்ந்தார். நுரைக்குப் பதில் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். பொன்னி கரண்டியை நீட்டினாள். வாய் திறந்தது, மூடியது.

“வரலைங்க.”

“உனக்குக் கோபமே வராதா?”

“வருமுங்க.”

“அதுதான் எனக்குத் தெரியுமே” என்றார் ராஜசேகரன், துண்டை அவிழ்த்தபடி. “கோயமுத்தூர் டிரான்ஸ்ஃபர் வந்தப்ப, உன்னைக் கேக்காம வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தனே. நீ கத்துவேன்னு பாத்தேன். ‘அப்படிங்களா. நல்லதுங்க. சாப்பிட வாங்க’ன்னே. அந்தத் தோசை தொண்டையில எறங்கவே இல்ல.”

பொன்னி கரண்டியைக் கீழே வைத்தாள். சொந்த ஊர்ப் பக்கம் திரும்ப அவள் நான்கு வருடம் காத்திருந்த மாற்றல் அது. அடுத்த மாதம்தான் அவள் டப்பிங்குக்குப் போகத் தொடங்கினாள். சனிக்கிழமைச் சமையல் ராஜசேகரன் தலையில் விழுந்ததும் அப்போதுதான். இரண்டையும் யாரும் இதுவரை பழி என்று அழைத்ததில்லை. கோபம் சத்தத்தில் இருப்பதாக நினைப்பவர்களுக்கு, சத்தமில்லாத கோபம் கணக்கிலேயே வருவதில்லை.

“நெசமாலுமே பயந்தீங்களா?”

“ரெண்டு நாள் உன் கண்ணுல படாம தனியா ஆக்ரா போயிட்டு வரலாமான்னுகூட யோசிச்சேன்.”

வெள்ளிக்கிழமை அவள் முனிர்காவில் படியிறங்கி, கௌதமனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என்ற வழியில ஒரு டேக் உடுங்க தம்பி. சரியில்லைன்னா நான் ஆமைக்கே போயிக்கறேன்.”

“ஒண்ணுதான்.”

சிவப்பு விளக்கு. சவரக்கடை. நுரை. பொன்னி குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. மேசையில் தட்டு வைத்துவிட்டுச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“எந்திரிங்க.”

திரையில் அந்தப் பெண் உதட்டை ஒரு கணம் மூடினாள். பொன்னியும் மூடினாள்.

“மொகத்தத் தொடச்சுக்கோங்க. ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கறனுங்க. எந் தங்கச்சி பேரு நாபகம் இருக்குங்களா?”

அர்விந்த் விரலைப் பொத்தானிலிருந்து எடுக்க மறந்திருந்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றினான்.

“பையா, யே தோ பக்கா மாரேகி.” அண்ணா, இவள் நிச்சயம் கொன்றுவிடுவாள் என்றான்.

“உனக்குத் தமிழே தெரியாதே” என்றான் கௌதமன் இந்தியில்.

தெரிய வேண்டியதில்லை என்றான் அர்விந்த். தில்லி ரோட்டில் இருவர் வண்டியை இடித்துக்கொண்டு கத்துகிற வரை ஒன்றும் ஆகாது. ஒருவன் மெதுவாக இறங்கி வந்து, “பாய் சாஹப், ஆப் பாஹர் ஆயியே” என்று, நீங்கள் கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று மரியாதையாக அழைத்தால் மற்றவர்கள் விலகி நிற்க வேண்டும். இது அந்தக் குரல்.

கௌதமன் பாராட்டுகிற ஜாதி இல்லை. “மூச்சு இழுக்கற சத்தம் விழுந்திருக்கு, இன்னொண்ணு போங்க” என்றான். ஆனால் அவள் இன்னொன்று பேசி முடிப்பதற்குள் பேனாவை எடுத்து, வசனத் தாள்களில் கதாநாயகி சொல்லும் ‘டா’க்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனான். நாற்பத்திரண்டு இருந்தன. அனன்யாவுக்குத் தங்கை வேடம் கிடைத்தது. முதல் பத்து நிமிடத்தில் செத்துப்போகிறவள். பழி என்ற சொல் அவளுக்குத் தேவையே இல்லை.

மாலையில் ராஜசேகரன் வீட்டுக்கு வந்தபோது அடுக்களையில் தோசைக் கல் காய்ந்துகொண்டிருந்தது.

“என்ன ஆச்சு?”

“கெடச்சிருச்சுங்க” என்றாள் பொன்னி, மாவை ஊற்றிக்கொண்டே. “நல்லதுங்க. சாப்பிட வாங்க.”

இது எந்த ‘ங்க’ என்று அவள் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் ராஜசேகரன் நாற்காலியை இழுத்தார்.