காத்தவராயன் காலில் சுற்றிய பட்டு

சேவூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் காத்தவராயனின் இடது கணுக்காலில் ஆறாத புண் ஒன்று வருடக்கணக்காகக் குடியிருக்கிறது. காலி பண்ணச் சொன்னாலும் கேட்காத குடித்தனம். பஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துவிடுவார். இவரும் ஜன்னலோரம் ஒடுங்கிக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

சிங்கப்பூரில் மகள் அன்புச்செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலில் போடும் நாளுக்கு டிக்கெட் வந்துவிட்டது. புண்ணின் கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடிக்கடி எழுந்து நடந்தால் விமானத்தில் போகலாம் என்றார் டாக்டர். காத்தவராயனுக்கோ ஒரே பயம். நாறுகிறது என்று இறக்கிவிட்டால் பேத்தி முகத்தைப் பார்க்க முடியாதே!

அது போதாதென்று டீக்கடை வேடியப்பன் வேறு. தலைக்கு மேலே பறப்பதைத் தவிர விமானமே பார்த்திராத மனுஷன்.

"புதுப் பட்டா? ஏர்போர்ட்ல புடுங்கிகினு வெறுங்கையோட அனுப்புவானுங்க. பேஜாரு புடிச்ச எடம்" என்றார்.

பேத்திக்குப் போர்த்தத் தன் கையால் நெய்த ஜரிகைப் பட்டு அது. காத்தவராயன் யோசித்தார். யாருமே தொடப் பயப்படும் இடம் ஒன்று அவரிடம்தான் இருக்கிறதே! பட்டை பிளாஸ்டிக் கவரில் மடித்து, புண்கட்டுக்கு மேலே வைத்து, இன்னொரு கட்டும் போட்டார். பயணத்தில் உடன் வரும் மனைவி பச்சையம்மாளிடம்கூட மூச்சு விடவில்லை.

சென்னை விமான நிலையத்தில் காவலர் சோதனைக் கருவியைக் காலருகே கொண்டுபோனதும் ஜரிகைக்கு அது கத்தியது.

"புண்ணுங்க சார். நாறும், தொடாதீங்க."

காவலர் முகம் சுளிக்கவில்லை. அவரை உட்காரவைத்து, குனிந்து, மேல்கட்டைத் தானே பிரித்தார். கவருக்குள் ஜரிகை மின்னியது.

சோதனை முடிந்து அந்தப் பக்கம் நின்றிருந்த பச்சையம்மாள் பார்த்துவிட்டாள். "அட மனுசா! புள்ளைக்குப் போத்துற பட்டைப் புண்ணு மேலயா சுத்திகினு வந்தே?"

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"இதைக் கையிலேயே எடுத்துட்டுப் போலாமே, பெரியவரே" என்று காவலர் சிரித்தார்.

சிங்கப்பூர் வீட்டில் காத்தவராயன் கதவோரமே நின்றுவிட்டார். "இங்கேர்ந்தே பாக்கறேம்மா. நாத்தம் அடிக்கும்."

அன்புச்செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "உக்காருப்பா!" என்று அதட்டி, பட்டு போர்த்திய குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

கடல் தாண்டிக் காப்பாற்றி வந்த பட்டையும், வேட்டியையும், கால்கட்டையும் பேத்தி ஒரே வீச்சில் நனைத்தாள்.

"இப்ப யாரு மேல நாத்தம்னு எப்பிடிப்பா சொல்றது?" என்றாள் மகள்.

காத்தவராயன் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். துடைத்துவிட மகள் கேட்டும் குழந்தையை மட்டும் கொடுக்கவில்லை.