தோணிப் பலகையில் நின்ற ஸ்பீக்கர்கள்

கல்முனையைப் புயல் புரட்டிப் போட்ட மறுவாரம், எங்கள் வீட்டு வளவில் சாய்ந்த தென்னைக்கடியில் இரண்டு நல்ல பலகைகள் கிடந்தன. என் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தரையில் வைத்தால் பாட்டு அடைத்த குரலாய்க் கேட்கும். அவற்றுக்கு ஸ்டாண்ட் அடிக்க நான் மரம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

அன்று மாலையே அடுத்த வளவு இஸ்மாயில் காக்கா வந்தார். மீன்பிடித் தொழில் செய்பவர். புயலில் அவர் தோணி உடைந்திருந்தது.

"என்ட தோணிப் பலகை ரெண்டு காணல்ல. கண்டயா தம்பி?"

"இல்ல காக்கா" என்றேன்.

பலகைகளை அறுத்து, வர்ணம் பூசி, ஸ்டாண்டுகளை முடித்தேன். பாட்டு அருமையாகக் கேட்டது. அதைக் கேட்டு ஒருநாள் அவரே உள்ளே வந்துவிட்டார். ஸ்டாண்டின் அருகே குந்தி, வர்ணத்தையும் மீறித் தெரிந்த, தோணி கட்டும் கயிற்றுத் துளைகளை விரலால் தடவினார்.

"ஒரு கால் ஆடுது" என்றார். அட்டைத் துண்டொன்றை மடித்து அடியில் செருகிவிட்டுப் போனார்.

மறுநாள் ஸ்டாண்டுகளைக் கழற்றி அவர் வாசலில் கொண்டுபோய் வைத்தேன்.

"மன்னிச்சிருங்க காக்கா."

அவர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேட்டிருந்தா வேற மரம் தந்திருப்பனே. இது இனித் தோணிக்கு ஆகாது, தம்பி."

அவர் ஏசியிருந்தால் இதற்குள் மறந்திருப்பேன்.