நான் அடித்த மூன்றெழுத்து

எனக்கு எண்பத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஒருவரிடமும் கையேந்தாமல். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

எழுபதுகளின் கடைசியில் புனே பக்கம் கிர்க்கியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் போசரியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசர். ஒரு லோடு சாமான் அளவு சரியில்லையென்று திரும்பி வந்தது. இவர் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று மேனேஜர் எழுதிக் கேட்டுவிட்டார். பழுது மிஷினில் இருந்தது. அதைப் பதிலில் புரியவைக்காவிட்டால் வேலையில் கீழே இறக்கிவிடுவார்கள்.

ஆபீஸ் டைப்பிஸ்டிடம் சொல்லி இங்கிலீஷில் கடிதம் தயார்செய்து கொண்டுவந்தார். மூத்த மகளிடம் வாசித்துக் காட்டினார். நடுவில், "ஐ பெக் டு டிஃபர்" என்று வந்தது. பெக் என்றால் என்ன என்று கேட்டேன்.

"பிச்சை கேக்கறதும்மா," என்றாள் மகள்.

"ஏங்க, தப்பு அவங்க மிஷின் மேல. நீங்க எதுக்குப் பிச்சை கேக்கணும்?"

அவர் சிரித்தார். "அது இங்கிலீஷ் மரியாதை. நீங்க சொல்றது சரியில்லைன்னு மேனேஜர் சாகேப் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? அதுக்குத்தான் அந்த வார்த்தை. உனக்கு அதெல்லாம் தெரியாது, போய் ரசத்தைப் பாரு."

தெரியாது என்றது சுருக்கென்று தைத்தது. பிள்ளைகளின் இங்கிலீஷ் புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் பழகியவள் நான். மறுநாள் அவர் குளிக்கப் போனபோது கடிதத்தை எடுத்து, பெக் என்ற அந்த மூன்று இங்கிலீஷ் எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மை பேனாவால் அழுத்தி அடித்துவிட்டேன். பழையபடி மடித்துக் கவரில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்க்காமலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மரியாதையை டைப் பண்ணிட்டு அதை அடிச்சு வேற காட்டுறியான்னு கேட்டாரு சாகேப். அதுக்கு மேல படிக்கவே இல்ல. ஸ்டோருக்கு மாத்திட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான்தான் அடிச்சேன்னேன்."

என் விரலில் மை இருந்தது. அவர் பார்த்தார். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, சாப்பிடறீங்களா என்று கேட்டேன்.

ஓய்வு பெறும்வரை ஸ்டோரில் நட்டும் போல்டும் எடுத்துக் கொடுத்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. நானோ, "உங்கப்பாவுக்கு இங்கிலீஷ் போதாது, அதான் மேல வரல," என்று பிள்ளைகளிடம் அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

அவர் போய்ப் பதினோரு வருஷம்.

போதும் கண்ணு, படிச்சுக் காட்டு. பாட்டிக்கு அசிங்கம்னு நீயா எதையும் அடிச்சுடலையே?