மாமா வரைந்து தந்த தெரு

அந்தத் தாளை ஒரு தடித்த அகராதிக்குள் வைத்திருக்கிறேன். ஹோட்டலின் பெயர் அச்சிட்டிருந்த மேற்பகுதி எப்போதோ கிழிந்துபோயிற்று. எஞ்சியிருப்பது ஒரு சாண் நீளமுள்ள மஞ்சள் பூத்த தாள். அதில் நீல மையால் வரைந்த ஒரு தெரு. தெருவின் ஒரு முனையில் மூன்று வளைகோடுகள், அது கடல். மறுமுனையில் ஒரு சிறு சதுரம். அது மாமா வரவேற்பு மேசையில் நின்ற ஹோட்டல். இரண்டுக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள். சில கட்டங்களுக்குள் ஒரு கோப்பை. அங்கே தேநீர் நன்றாக இருக்கும். சிலவற்றுக்குள் ஒரு மணி; அங்கே பாட்டும் ஆட்டமும் உண்டு. மூன்றே மூன்று கட்டங்களின் வாசலில் மட்டும் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் இட்டிருக்கும்.

அந்த வட்டத்துக்கு என்ன பொருள் என்று கேட்டேன். “அந்த இடத்தில போய்க் குந்தினா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க, புள்ள,” என்றார் மாமா. அச்சடித்த வரைபடங்கள் மேசையில் அடுக்கடுக்காய் இருந்தபோதும், புதிதாக வந்த ஒவ்வொரு விருந்தினருக்கும் அவர் இப்படியொன்றைத் தன் கையாலேயே வரைந்து கொடுப்பார். பெரும்பாலும் ஆண்கள்; இருவராய் வருபவர்கள், அல்லது இருவராக முடியுமென்ற நம்பிக்கையில் தனியாய் வருபவர்கள். பட்டாயாவின் அந்தச் சந்து அவர்களுக்கானது.

மாமா என் உம்மாவின் தம்பி. எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்தால் வாப்பா முதலில் யோசிப்பது அவளுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டிய வீட்டைப் பற்றித்தான். ஆண்பிள்ளை உம்மாவின் வீட்டில் வளர்ந்து, மணமுடித்த அன்று மனைவியின் வீட்டுக்குப் போய்ச் சேருகிறான். அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் அவனுக்கென்று ஒரு கதவு கிடையாது. மணமுடிக்காத ஆண் எங்கே போவான் என்பதற்கு எங்களிடம் பதில் இருந்ததில்லை; அப்படி ஒருவன் இருப்பான் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மாமா வளைகுடாவில் ஹோட்டல் வேலை பழகி, பிறகு தாய்லாந்துக்குப் போனவர். விடுமுறையில் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுப்பார். விடியும் முன் பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடுவார். தான் அங்கே படுத்த அடையாளம் தெரியக் கூடாது என்பதுபோல.

மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள் குறைவில்லை. சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் வந்தார்கள். “பொம்பிளைக்குக் கல்வீடு. மேல் மாடிக்கும் கம்பி விட்டிரிக்கி,” என்று அவர்கள் சொல்லும்போது மாமா மிகுந்த கவனத்தோடு கேட்பார், அறைகள் எத்தனை, கிணறு எந்தப் பக்கம் என்றுகூட விசாரிப்பார், பிறகு லீவு போதாது என்று சொல்லி எழுந்துவிடுவார். உம்மாவுக்குக் கோபம் வரும். “எல்லா வீட்டுக்கும் போய்ப் பாக்கிறான். ஒண்டுக்குள்ளயும் ஏறுறான் இல்ல.”

கடல் ஊருக்குள் வந்த ஆண்டு அந்த முன்னறையும் போயிற்று. கல்முனைப் பக்கமாக, சற்று உள்ளே தள்ளி, என் பெயரில் புதிய வீடு எழும்பியபோது மாமா தொலைபேசியில் ஒன்று கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டது அதுவே முதல் தடவை. “எனக்கும் ஒரு அறை வை புள்ள. சின்னதா இருந்தாலும் காரியமில்ல. கதவு மட்டும் இருக்கட்டும்.” கிழக்கே ஜன்னல் வைத்து ஓர் அறை கட்டினோம். வீட்டில் எல்லோரும் அதை மாமாவின் அறை என்றே சொன்னார்கள். அப்போதைக்கு அதில் யாரும் இல்லை.

கணவருக்குத் துணிக்கடை. சரக்கெடுக்க அவர் பாங்கொக் போன ஒரு தடவை என்னையும் கூட்டிச் சென்றார். அவர் மொத்தக் கடைகளில் அலைந்த இரண்டு நாட்களும் நான் மாமாவோடு இருப்பதென்று ஏற்பாடு. மாமாவே வந்து பஸ்ஸில் அழைத்துப்போனார். பட்டாயாவில் இறங்கும்போது என் அபாயாவின் ஓரம் படியில் மாட்டி ஒரு முழத்துக்குக் கிழிந்துவிட்டது. நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். மாமா சிரித்தார். “பரவால்ல. வீட்டில தைக்கிற ஆள் இரிக்கி.” வீடு என்ற சொல்லை அவர் தனக்காகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அந்த வீடு ஒரு தையற்கடையின் மேல்தளம். தைக்கிற ஆள், ஐம்பதை எட்டிய, ஒல்லியான தாய்லாந்துக்காரர். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. சந்தின் மேடைகளில் ஆடிப் பாடுபவர்களுக்கு உடை தைப்பது அவருடைய தொழில். தரையெங்கும் மீன் செதில்கள் உதிர்ந்தாற்போல் மினுமினுக்கும் வில்லைகள் கிடந்தன. “இவர் என்ட கூட்டாளி,” என்றார் மாமா. நான் உள்ளே போய் உடை மாற்றி அபாயாவைக் கதவிடுக்கால் நீட்டினேன். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தது. எங்கே கிழிந்தது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த அறையில் ஒரு கட்டில். மேற்குச் சுவரோரம் மாமாவின் தொழுகை விரிப்பு மடித்து வைத்திருந்தது. எதிர்ச்சுவரின் சிறு தட்டில் புத்தர் சிலை, முன்னால் அன்று பறித்த மல்லிகை. எனக்கு எல்லாம் விளங்கிற்று. விளங்கியதை மாமாவும் கண்டார். தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்த வரைபடத்தை என் கையில் தந்து, அதிலிருந்த தெரு வழியே என்னைக் கூட்டிப்போனார். விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கியிருந்தன. முகச்சவரம் செய்து பூச்சுப் பூசிய பாடகர் ஒருவர், தோளில் இறகுகளோடு, மேடையேறும் முன் குனிந்து நுளம்புச்சுருளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மாமாவைக் கண்டதும் கைகூப்பி, என்னைக் காட்டி ஏதோ கேட்டார். மாமா சொன்ன பதிலைக் கேட்டுச் சிரித்தார். “என்ன மாமா கேக்கிறாரு?” “கறுப்பு உடுப்புப் போட்ட இந்தப் பாடகி எந்த மேடையில ஆடுறா எண்டு.” நானும் சிரித்துவிட்டேன். வட்டமும் புள்ளியும் இட்ட ஒரு கடையில் எலுமிச்சைச் சோடாவோடு அமர்ந்தோம். எழுபது வயதுக்கு மேற்பட்ட இரண்டு வெள்ளையர்கள், ஒருவர் கைத்தடியோடு, இசைக்குச் சற்றும் பொருந்தாத மெதுவான ஆட்டமொன்றை ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கு இரண்டு கிழமை மட்டும் வருபவர்கள் என்றார் மாமா. ஊரில் இருவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. வேறொரு மேசையில் வயதான பயணி ஒருவர், பேச மொழியில்லாத ஒரு வாலிபரின் கையைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை மாமா கவனித்திருக்க வேண்டும். “எல்லாத்தையும் அன்பெண்டு நினைச்சிராத. இங்க வியாபாரம்தான் கூடுதல். வயிறு காஞ்சி வாற ஆக்கள் இரிக்காங்க, மனசு காஞ்சி வாற ஆக்களும் இரிக்காங்க. ஆனா மேசைக்கு ஆர் வந்து நிண்டாலும் நான் கேக்கிறது ஒண்டுதான். சாப்பிட்டீங்களா? மத்தக் கேள்வியெல்லாம் அவங்கட ஊரில கேட்டு முடிஞ்சிரிக்கும்.”

திரும்பும் நாள் காலையில், கடலைப் பார்த்தபடி, அவர் தன் கேள்வியைக் கேட்டார்.

“அந்த அறைக்கு நாங்க ரெண்டு பேரும் வந்து நாலு நாள் இருந்தா உனக்குக் கஷ்டமா, புள்ள?”

“என்ன கஷ்டம் மாமா? வாங்க.”

“றாத்தா?”

“உம்மாட்ட நான் கதைக்கிறன்.”

நான் கதைக்கவில்லை. நூலகத்தில் பணியாற்றியவள் நான். இப்படிப்பட்ட அன்பைப் பற்றிய புத்தகங்களை வாசித்துக் கண்கலங்கியவள். என் மனம் விசாலமானது என்ற நிறைவு எனக்கு இருந்தது. உம்மா எழுத்துக்கூட்டிப் பத்திரிகை வாசிப்பவர். அவரால் இதைத் தாங்க முடியாது என்று நானே முடிவு செய்தேன். ஊருக்கு வந்த அன்றே உம்மா என் அபாயாவைத் துவைக்க எடுத்து, அந்தத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது ஆர் தெச்ச?” “மாமாட கூட்டாளி.” நெடுநேரம் விரலால் தடவியிருந்துவிட்டு, “நல்ல கை,” என்றார். அந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து இருவரும் வந்தார்கள். வாசலில் வந்து நின்ற வேனிலிருந்து பெட்டிகள் இறங்கும் முன்பே நான் ஒத்திகை பார்த்து வைத்ததைச் சொல்லிவிட்டேன். “கூட்டாளிக்கு டவுணில நல்ல லொட்ஜ் ஒண்டு பாத்திரிக்கன் மாமா. ஏசி இரிக்கி. இங்கத்த வெக்கை அவருக்குத் தாங்கா.” தாய்லாந்தில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு எங்கள் ஊர் வெக்கை தாங்காதாம்.

மாமா என்னைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. தன் மேசைக்கு முன்னால், சொல்ல முடியாத ஏதோ ஒன்றோடு வந்து நிற்கும் விருந்தினரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “சுடுதண்ணி வருமா?” என்றார். “வரும் மாமா.” “அப்ப நல்லம். நானும் அங்கேயே தங்கிறன். பாஷ தெரியாத ஆள்தானே.” என்னுடைய பொய்யை அவர் வாங்கி, மடித்து, எனக்கு நோகாத இடத்தில் வைத்துவிட்டார். பின்னர் கணவர் சொல்லித் தெரியவந்தது: லொட்ஜில் மாமா இரண்டு அறைகள் எடுத்திருந்தார். உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தவரிடமும் ஓர் அறையா இரண்டா என்று கேள்வி தொனிக்கக் கேட்டிராத மனிதர், தான் பிறந்த ஊரில் இரண்டு சாவிகளை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். மாங்காய் போட்ட மீன் ஆணம், எருமைத் தயிர். கூட்டாளி பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சோறு சாப்பிட்டதைக் கண்டு உம்மா அகப்பையோடு அவர் பக்கமே நின்றார். பக்கத்து வீட்டுச் சாச்சி கதவோரம் வந்து அமர்ந்து, விசாரணையைத் தொடங்கினார்.

“தையல்காரராமே? கலியாணம் முடிச்சிரிக்காரா?”

“இல்ல சாச்சி,” என்றார் மாமா.

“கலிமாச் சொல்லிட்டா நம்மட ஆள்தானே. என்ட தங்கச்சிர மகள் ஒருத்தி இரிக்காள். வீடு இரிக்கி. வாசலிலயே கடை போடலாம். கேட்டுப் பாருங்களன்.”

மாமா முகம் மாறாமல் அதை அப்படியே மொழிபெயர்த்தார். கூட்டாளி கண்ணாடியை மேலே தள்ளி, மிகுந்த மரியாதையோடு ஏதோ கேட்டார். “கிணறு எந்தப் பக்கம் எண்டு கேக்கிறாரு,” என்றார் மாமா. இருவரும் சிரித்தார்கள், தோளும் தோளும் உரசச் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார். நான் மட்டும், யாராவது எதையாவது கண்டுவிடப் போகிறார்கள் என்று, குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

மூன்றாம் நாள் போய்விட்டார்கள். அன்று பின்னேரம் உம்மா கிழக்கு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். கட்டிலில் புதிய விரிப்பு. தலைமாட்டில் நீலப் பூப்போட்ட புது உறையோடு இரண்டு தலகணிகள், அருகருகே.

“நான் ரெண்டு வெச்சிருந்தன் மகள்,” என்றார் உம்மா. “நீ ஏன் லொட்ஜுக்கு அனுப்பின?”

 உம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. உறைகளைக் கழற்றி மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு அவர் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்யப் போனார்.

உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த கிழமை மாமாவிடம் தொலைபேசியில் அந்தத் தலகணிகளைப் பற்றிச் சொன்னேன்.  எதிர்முனையில் ஒரு தையல் இயந்திரம் ஓடி நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார். “உறை புதுசா, புள்ள?” “ஓம் மாமா. நீலப் பூப் போட்டது.” “றாத்தா அப்பிடித்தான்,” என்றார். வாங்க மாமா என்றேன். வருவம் என்றார். அதற்குள் இருதயம் பழுதாகி, விமானப் பயணம் கூடாதென்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். சென்ற ஆண்டு அங்கேயே அடங்கினார். பள்ளிவாசலைத் தேடிப்போய் ஆட்களை அழைத்து வந்தவர் கூட்டாளிதான். அடக்கும்போது தான் உள்ளே வரலாமா என்று யாரிடம் கேட்பதென்று தெரியாமல், மையவாடியின் மதிலுக்கு வெளியே நின்றதாக எழுதியிருந்தார்.

போன கிழமை அவரிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி வந்தது, அவருடைய எளிய ஆங்கிலத்தில். மாமா பிறந்த ஊரை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அடுத்த மாதம் வர எண்ணம். கடைசியில் ஒரு கேள்வி, எந்த உள்ளர்த்தமும் இல்லாமல்: எந்த ஹோட்டல் உங்களுக்கு வசதி?

தங்கப் போவது அவர். வசதி எனக்கு.

அகராதியிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தெரு வரைந்தேன். மூன்று வளைகோடுகளில் கடல். கல்முனை பஸ் நிலையம். தேநீர் நல்ல கடைக்கு ஒரு கோப்பை. லொட்ஜ் இருக்கும் இடத்தைக் காட்டாமல் விட்டேன். கோடு எங்கள் வீதியில் திரும்பி, வாசலில் நிற்காமல் உள்ளே வந்து, கிழக்கு ஜன்னலுள்ள அறையில் முடிந்தது. அதன் வாசலில் வட்டத்தையும் புள்ளியையும் இடப் போனேன்; கை நின்றுவிட்டது. அது பொய்யாகிவிடும். எங்கள் தெருவில் கேட்பார்கள். சாச்சி இப்போதும் கதவோரம் வந்து அமர்கிறார்.

ஆகவே வட்டத்தை மட்டும் இட்டுப் புள்ளிக்கான இடத்தை வெறுமையாக விட்டேன். கீழே அவருக்கு விளங்கும் மொழியில் எழுதினேன்: இங்கே கேட்பார்கள். பதிலை நான் சொல்வேன். படமெடுத்து அனுப்பிவிட்டு, அலுமாரியைத் திறந்து நீலப் பூப்போட்ட உறைகள் இரண்டையும் வெயிலில் போட்டேன்.