கிளெண்டா வாங்கிய சின்னச் சார்ப்பு

இங்கிலாந்தின் அக்ரிங்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியின் சமையற்கூடத்தில் கிளெண்டா ஒர்மரோட் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தார். தினமும் இருநூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. உருளைக்கிழங்கு மசித்து மசித்தே அவருடைய வலது மணிக்கட்டு தடித்துப்போயிருந்தது. அவர் கணவர் நெவிலும் நானும் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டியவர்கள். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற கேரவன் வீடு ஒன்றை நெவில் வாங்கியதைப் பார்த்துத்தான் நானும் என் மனைவியும் ஒன்று வாங்கினோம். மே மாதக் கடைசியில் இரண்டு வாரம், செப்டம்பரில் இரண்டு வாரம், வேல்ஸில் கிரிக்கியெத் பக்கம் ஓர் ஆட்டுப்பண்ணைக்காரரின் கடலோர வயலில் போய் நிறுத்துவோம். நெவிலின் தங்கை மாவிஸும் தன் சின்ன கேரவனோடு வந்துவிடுவார்.

நெவிலிடம் முழுச் சார்ப்பு இருந்தது; கேரவனை ஒட்டிக் கட்டுகிற துணிக்கூடாரம். கேரவனின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பக்கவாட்டுக் காடியில் துணியின் விளிம்பைக் கோத்து இழுத்து, கம்பிகளை நட்டு, சுற்றிலும் முளையடித்து நிறுத்த வேண்டும். அரை நாள் வேலை. நின்றுவிட்டால் கேரவனைவிடப் பெரிய கூடம் ஒன்று கிடைத்துவிடும். தரையில் விரிப்பு, மேசை, மின்கெட்டில், ஒன்பது நாற்காலிகள் எல்லாம் அதற்குள் இருந்தன.

வேல்ஸில் மழைக்குக் குறைவில்லை. தூறல் விழுந்ததும் வயலில் இருப்பவர்களுக்கெல்லாம் போக்கிடம் அதுதான். நானும் அவர்களில் ஒருவன். காலை பத்து மணிக்குக் கோப்பையோடு போனால் மத்தியானம் தாண்டித்தான் திரும்புவேன். கிளெண்டா டீ ஊற்றிக்கொண்டே இருப்பார். எலுமிச்சைக் கேக் வெட்டுவார், பன்றியிறைச்சி வதக்கி ரொட்டியில் வைத்துத் தருவார். அவர் நாற்காலியில் நூலகப் புத்தகம் ஒன்று கவிழ்ந்து கிடக்கும். அதை அவர் எடுத்துப் படித்து நான் பார்த்ததே இல்லை. அது எனக்கு ஒரு விஷயமாகவும் படவில்லை.

சின்னச் சார்ப்பு வாங்குவதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில் ஒரு மத்தியானம் கடல் பக்கமிருந்து பெருங்காற்று அடித்தது. ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். பலனில்லை. கூரைத்துணி நீளவாக்கில் கிழிந்து பக்கத்து வேலிமேல் போய் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. நெவில் முகம் தொங்கிவிட்டது. கிளெண்டா நாற்காலிகளை மடித்து வைத்தார். துணி கிழிந்தபோது 'அப்பாடா' என்று இருந்ததாகவும், அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டதாகவும் பல மாதம் கழித்து என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மார்ச்சில் புதுச் சார்ப்பு வாங்கப் போனார்கள். மூட்டை பெரிதாக இருக்கும், உன் வண்டியைக் கொண்டுவா என்று நெவில் என்னையும் அழைத்தார். கிடங்கு மாதிரியான கடை. உள்ளேயே வரிசையாகச் சார்ப்புகளைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். நெவில் நேரே முழுச் சார்ப்புகள் பக்கம் போய், விற்பனையாளரோடு துணியின் தடிமன் பற்றிப் பேச ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிளெண்டாவைக் காணவில்லை என்று தெரிந்தது. கடைக் கோடியில், கேரவன் வாசலுக்கு மட்டும் போடுகிற சின்னச் சார்ப்பு ஒன்றினுள், காட்சிக்கு வைத்திருந்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அங்க என்ன பண்ற?" என்றார் நெவில்.

"உக்காந்திருக்கேன்."

"அதுல சேறான பூட்ஸைக் கழட்டி வைக்கலாம். மிஞ்சிப்போனா ரெண்டு நாற்காலி போடலாம்."

"பாத்தேன். ரெண்டுதான்."

நெவில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். கிளெண்டா எழுந்திருக்கவில்லை. உன் தோளில் அறுவை நடந்திருக்கிறது, கையை மேலே தூக்க முடியாமல் எப்படிக் கட்டுவாய் என்று கேட்டார். கூடப் பிடிக்க ஆள் இருக்கிறதே என்று நெவில் என்னைக் காட்டினார். மூட்டையின் எடை என்றார் கிளெண்டா. சார்ப்புக்குள் வைக்கிற மடக்கு அலமாரியை வீட்டில் விட்டுவிடலாம் என்று பதில் வந்தது. அரை நாள் வீண் என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு என்ன அவசரம் என்றார் நெவில். விற்பனையாளர் ஏதோ வேலை இருப்பதுபோல் மெல்ல நகர்ந்துவிட்டார்.

கிளெண்டா கைப்பையைக் கீழே வைத்தார்.

"தோளும் இல்ல, எடையும் இல்ல நெவில். எனக்கு லீவு வேணும். இருபத்தேழு வருஷம் வரிசையில நின்னவங்களுக்கெல்லாம் பரிமாறினேன். வேலையை விட்டா அது போயிடும்னு நெனச்சேன். வயலுக்கு வந்தா அதே வரிசைதான் நிக்குது. தலை மட்டும் நரைச்சிருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்று நெவில் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு எப்பவும் சுத்தி ஆளுங்க வேணும். புருஷன் போனப்புறம் மாவிஸுக்கு நம்ம நாற்காலியை விட்டா வேற எடமில்ல. இதுல நான் எப்படிச் சொல்றது?"

நெவில் திரும்பிப் போய், தாம் பார்த்துவைத்திருந்த முழுச் சார்ப்பை ஒருமுறை சுற்றி வந்தார். அதன் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் வந்து கிளெண்டாவுக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முட்டி இடிக்குது."

"காலை மடக்கி உக்காரு."

சின்னச் சார்ப்பையே வாங்கினார்கள். மாவிஸிடம் தான் சொல்லிக்கொள்வதாக நெவில் முன்வந்தார். கிளெண்டா சம்மதிக்கவில்லை; நானே சொல்கிறேன் என்றார். ஆனால் இரண்டு மாதம் ஓடியும் சொல்லவில்லை. மூன்று தடவை ஃபோனை எடுத்து, சீதோஷ்ணம் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டாராம்.

மே வந்தது. புதுச் சார்ப்புக்குக் கம்பியே கிடையாது. பம்பால் காற்றடித்தால் எழுந்து நிற்கிறது. இருபத்தைந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிட, மீதிச் சாயங்காலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நெவில் வயலைச் சுற்றி நடந்தார். பிள்ளைகளைப் பார்க்கப் போயிருந்த மாவிஸ் மறுநாள்தான் வந்தார். அவர் கேரவனை நிறுத்தி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வழக்கம்போல் ஒரு கையில் குடையும் மறு கையில் மடக்கு நாற்காலியுமாக வந்தவர், கிளெண்டாவும் நெவிலும் உட்கார்ந்திருந்த புதுச் சார்ப்பின் முன்னால் நின்றார். நான் எதிரே என் கேரவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க அண்ணன் கஞ்சன்னு தெரியும். மீதித் துணி எங்க?"

கிளெண்டா எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "இது நான் கேட்டு வாங்கினது மாவிஸ். யாருக்கும் டீ போடாம சும்மா உக்காரணும்னு இருந்துச்சு. உன்மேல கோவம் இல்ல."

குடையிலிருந்து தண்ணீர் மாவிஸின் காலணிமேல் சொட்டியது. பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"நெவில், கோப்பையை எடுத்துட்டு வா. பேச ஆளில்லன்னா நீ சுவத்தோட பேசுவ. என் கேரவன்ல டீ நீதான் போடற."

நெவில் கோப்பையை எடுத்துக்கொண்டு குடைக்குள் நுழைந்தார். அவர்கள் போனபிறகு கிளெண்டா நாற்காலியில் சரிந்து, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று பயந்து என் மனைவி ஓடினாள். சிரிப்புத்தான். இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது என்றாராம்.

மாவிஸுக்குக் கொஞ்சம் வலிக்காமல் இருந்திருக்காது. மறுநாள் குழாயடியில் கிளெண்டாவைச் சந்தித்தபோது காலை வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் சொந்த ஃபிளாஸ்க்கில் டீயும் பின்னல் பையுமாக வந்து, கேட்காமலே அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். கிளெண்டா நூலகத் துப்பறியும் நாவலைப் படித்தார், மாவிஸ் பின்னினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது "கடைசியில யாரு கொன்னதாம்?" என்று மட்டும் மாவிஸ் கேட்டார். இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது என்றார் கிளெண்டா.

நெவில் ஊர்சுற்றியாகிவிட்டார். ஒரு நாள் மாவிஸிடம், ஒரு நாள் எங்களிடம், ஒரு நாள் வயலின் மேல்கோடியில் முழுச் சார்ப்பு கட்டியிருந்த புதியவர்களிடம். அவர்களுக்குக் கம்பி நடுவது எப்படி என்று விளக்கமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகத் திரும்பிவிடுவார். அவர் சொல்கிற சேதிகளைக் கேட்கக் கிளெண்டாவுக்கு இப்போது ஆசையாகவே இருந்தது.

கிளம்பும் நாளில் ஒன்பது மணிக்கெல்லாம் சார்ப்பின் காற்றைப் பிடுங்கிச் சுருட்டியாயிற்று. நாங்கள் இன்னும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். கிளெண்டா வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, முழுச் சார்ப்பைப் பிரிக்கவே மத்தியானமாகிவிடும், இந்தத் தடவை வீட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விட நேரம் மிச்சமிருக்கும் என்று சொல்லிக் கையசைத்தார்.