ஓடும்போது எடுத்த படங்கள்

விருதுநகரில் அய்யாதுரையின் மிளகாய் வத்தல் மண்டியில் மகன் தங்கச்சாமிக்குக் கணக்குப் பார்க்கிற வேலை. அவர் பார்த்ததெல்லாம் முகங்களைத்தான். வத்தல் நெடியில் தும்மப்போகிறவர் முகம், விலை கேட்டுத் திகைத்தவர் முகம். மதுரையில் பழைய கேமரா ஒன்றை வாங்கி, ஒழிந்த நேரமெல்லாம் ஆட்களைப் படமெடுத்தார். ஆனால் கேமராவைக் கண்டதும் எல்லாரும் கம்பமாய் விறைத்து நின்றார்கள்.

"மூஞ்சியப் படம்புடிச்சு எவம்லே பொழைச்சான்?" என்பார் அய்யாதுரை.

1957இல் தாயில்பட்டியிலிருந்து முதல் அழைப்பு வந்தது. பட்டாசுக் கம்பெனி போர்மேன் கண்ணுச்சாமி வீட்டில் கல்யாணம். உள்ளே இருட்டாக இருந்ததால், தங்கச்சாமி தகரத் தட்டில் வெளிச்சப் பொடியைக் கொட்டிப் பற்றவைத்தார். பொடி நமுத்திருந்தது. முதலில் 'உஸ்' என்று சீறியது.

பட்டாசு வேலை பார்க்கிற சனத்துக்கு அந்த ஒரு சத்தம் போதாதா? எழுந்து ஓடினார்கள். நாயனக்காரர் வாசல்படியைத் தாண்டிக் குதித்தார். மணப்பெண் சண்முகத்தாய் மாலையும் கழுத்துமாகப் பறந்தாள். அப்போதுதான் பொடி பளீரென்று எரிந்தது. பதற்றத்தில் தங்கச்சாமி கேமராவை அமுக்கிவிட்டார்.

மணவறையில் மிஞ்சியது கோவில்பட்டி மாப்பிள்ளை மட்டும், கையில் தாலியோடு.

"பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னா முன்னாடியே சொல்லிருக்கலாம்லா?" என்றார் அவர், அழாக்குறையாக.

சண்முகத்தாயைக் கிணற்றடியிலிருந்து கூட்டிவந்தார்கள். "'உஸ்'னு கேட்டும் ஓடலைன்னா எங்கய்யா வைவாரு. கம்பெனியில அவருதான போர்மேன்?" என்றாள் மூச்சிரைக்க. மாப்பிள்ளைக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. தாலி ஏறியது.

வசவு நிச்சயம் என்றுதான் தங்கச்சாமி படத்தைக் கொண்டுபோனார். கண்ணுச்சாமி அதை வெகுநேரம் பார்த்தார்.

"எங்க மதினி மூஞ்சியில இம்புட்டுக் களையை நான் கண்டதே இல்லை. சொந்தக்காரக அம்புட்டுப் பேருக்கும் ஒண்ணொண்ணு போட்டுக் குடுங்க தம்பி."

அதில் ஒரு படம் கம்பெனி முதலாளி சீனிவாசகத்தின் கண்ணில் பட்டது. அந்தத் தீபாவளிக் காலண்டரில் அதையே அச்சடித்து, கீழே 'எங்கள் வெடியின் பெருமை' என்று போட்டார். காலண்டர் சாத்தூர் வரை தொங்கியது. அப்புறம் எந்த முகூர்த்தத்துக்குப் போனாலும் ஓட்டப் படம் வேண்டும் என்றார்கள். தங்கச்சாமி மண்டியை விட்டார். திருத்தங்கலில் தீப்பெட்டி அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஓடுவதற்கு நீளம் வேண்டுமே!

வந்தவர்கள் தலை சீவி, பவுடர் பூசி ஓடினார்கள். "சரியா விழலை தம்பி, இன்னொருக்க ஓடுதேன்" என்று ஒரு பெரியவர் கெஞ்சினார். சிரித்தபடி ஓடியவர்களைத் தங்கச்சாமி கடிந்துகொண்டார்: "பயமே இல்லையே! காசைத் திருப்பி வாங்கிட்டுப் போங்க."

1963இல் அய்யாதுரையே வந்தார். "மண்டிக்காரன் ஓடமாட்டான். உக்காந்துதான் எடுக்கணும்" என்றார்.

"சரிப்பா."

பொடி எரிந்தது. அய்யாதுரை அசையவில்லை. கழுவி எடுத்த படத்தில் துண்டு, மீசை, பார்வை எல்லாம் கம்பீரமாக விழுந்திருந்தன. செருப்பு மட்டும் காலில் இல்லை. இரண்டையும் கழற்றிக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.